மணல்மேட்டுக் கிணறு ஏன் கரித்தது? மரக்காணம் உப்பளங்களில் நான்கு நாட்கள்

பங்குனி பிறந்த வாரம் மலர்விழி போன் செய்தாள். "ரெண்டு நாள் லீவு போட முடியுமா? கேபிள் பிடிக்க எனக்கு ஆள் வேணும்."

மலர் என் கல்லூரித் தோழி. நான் வங்கிக்குப் போனேன், அவள் தண்ணீருக்குப் போனாள். கடலோரக் கிணறுகளில் உப்பு எந்தக் காலத்தில் ஏறுகிறது, எங்கிருந்து ஏறுகிறது என்று பார்ப்பது அவளுடைய ஆராய்ச்சி. வழக்கமாகக் கூட வரும் உதவியாளருக்கு அம்மை போட்டிருந்தது. மரக்காணம் உப்பளங்களைப் பேருந்து ஜன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இறங்கியதில்லை. சரி என்று சொல்லிவிட்டேன். வியாழன், வெள்ளி மட்டும் என்று பேச்சு. ஞாயிறு மாலைதான் ஊர் திரும்பினேன். ஏன் என்பதுதான் இந்தப் பதிவு.

புதன் மாலை திருவான்மியூரில் பாண்டிச்சேரி பேருந்து ஏறி, பெரியமுதலியார்சாவடியில் இறங்கி, குயிலாப்பாளையத்தில் மலர் தங்கியிருந்த விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். இரண்டு கட்டில், ஒரு மின்விசிறி, நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய். மூன்றாவது ஆள் படுக்க வேண்டிய இடத்தில் பிளாஸ்டிக் பாட்டில்கள் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றிலும் ஒரு கிணற்றின் பெயர்.

மறுநாள் காலை ஆறரைக்கு ஜாபர் பாய் ஆட்டோவுடன் வந்துவிட்டார். கோட்டக்குப்பத்துக்காரர், பத்து வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். நாள் முழுக்க வண்டிக்கு ஆயிரத்து இருநூறு ரூபாய். மரக்காணம் விடுதியிலிருந்து வடக்கே இருபத்தேழு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம் ஆகிறது. "துபாய்ல கடல் தண்ணியதான் மெஷின்ல போட்டு உப்ப எடுத்துட்டு குடிக்கக் குடுப்பாங்க மேடம். இங்க அதே கடல் தண்ணிய காயவச்சு தண்ணிய வுட்டுட்டு உப்ப எடுத்துக்கறாங்க. அல்லா எப்படியெல்லாம் வேல குடுக்கறான் பாருங்க!" என்றார். அன்று முழுவதும் இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

சாலை வளைந்ததும் உப்பளம் தொடங்கிவிடுகிறது. சதுரம் சதுரமாகப் பாத்திகள். சிலதில் வானம், சிலதில் வெறும் சேறு, சிலதில் மெல்லிய வெள்ளை. நீளமான கொம்பின் நுனியில் பலகை கட்டி, உப்பை மெதுவாக வரப்புப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். குவித்த உப்பின் மேல் கீற்று வேய்ந்திருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குட்டிக் குட்டி வீடுகள் போல இருந்தது. எட்டு மணிக்கே கண் கூசியது. கறுப்புக் கண்ணாடி மறந்து வந்ததற்காக என்னையே திட்டிக்கொண்டேன்.

முதல் மூன்று கிணறுகள் சிக்கலில்லாமல் முடிந்தன. என் வேலை, கேபிளைப் பிடித்து மெதுவாகக் கிணற்றுக்குள் இறக்குவது. நுனியில் விரல் நீளத்துக்கு ஒரு கருவி. உப்பு கூடினால் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும். அதை அளந்து மேலே மீட்டரில் எண்ணாகக் காட்டும். எண் ஆயிரத்துக்குள் என்றால் குடிக்கச் சிரமம் இல்லை, மூவாயிரத்தைத் தாண்டினால் வாயில் வைக்க முடியாது என்று மலர் எனக்கு எளிமையாகச் சொல்லிக்கொடுத்தாள்.

நான்காவது கிணறு செல்வியின் வீட்டில். உப்பளத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு, அதன்மேல் பதினைந்து இருபது வீடுகள். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று செல்வி கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். சிமென்ட் உறைகளை ஒன்றின்மேல் ஒன்றாக இறக்கிய இருபதடிக் கிணறு. அக்கம்பக்கத்தில் நான்கு வீட்டுக்காரர்கள் குடத்தோடு வருவது இங்கேதான். மார்கழியில் மலர் பார்த்தபோது எண் அறுநூறைத் தொடவில்லையாம். "என் நல்ல கிணறு" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

அன்று மேல்மட்டத்திலேயே ஆயிரத்து எழுநூறு. கேபிளை அடிவரை இறக்கினேன். ஐயாயிரம். மலர் என் கையிலிருந்து கேபிளை வாங்கி, தானே ஒருமுறை இறக்கிப் பார்த்தாள். அதே எண்.

"பருப்பு வேவ மாட்டேங்குது, பால ஊத்துனா திரிஞ்சிடுது" என்றாள் செல்வி. முப்பது வயதுக்காரி. இடுப்பில் ஒரு பெண் குழந்தை, மலரின் மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. "பொங்கல் முடிஞ்சு கொஞ்ச நாள்லயே கரிக்க ஆரம்பிச்சிடுச்சிக்கா. எல்லாம் எங்க அண்ணன் பண்ண வேல."

மணல்மேட்டின் சரிவில், கூப்பிடு தூரத்தில், அவளுடைய அண்ணன் ஏழுமலையின் உப்பளம். அதுவரை தரிசாகக் கிடந்த ஒரு துண்டையும் தை மாதம் சீர் செய்து புதிதாகப் பாத்தி கட்டியிருந்தார். பாத்திக்கு உப்புத் தண்ணீர் எடுக்கத் தனியாக ஒரு போரும் மோட்டாரும். அதன் பிறகுதான் கிணறு கரித்தது. அண்ணனும் தங்கையும் பேசி இரண்டு மாதமாகிறது.

"அளத்தாலதான் கெணறு கெட்டுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்கக்கா. திங்கக்கெழம தாலுகா ஆபீஸ்ல மனு குடுக்கப் போறோம்" என்றாள்.

"குழந்தைக்கு என்ன பேரு?" என்று நான் பேச்சை மாற்றினேன்.

"யாழினி. ஞாயித்துக்கெழம காது குத்து." அத்தோடு நிறுத்திக்கொண்டு குழந்தையின் தலையைக் கோதினாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே அண்ணன். "எங்க சித்தப்பா பையன உக்காரச் சொல்லியிருக்கோம்" என்றாள், நாங்கள் கேட்காமலே.

ஆட்டோவுக்கு நடக்கும்போது மலரிடம் கேட்டேன், "உப்பளம்தானா?"

"எனக்கும் அப்படித்தான் தோணுது. அதான் பயமா இருக்கு. தோணுறத வச்சு எழுதிக் குடுத்தா அந்த ஆளோட பாத்தி போயிடும். கூடப்பொறந்தவளும் போயிடுவா."

அதனால் ஆட்டோவில் ஏறாமல் ஏழுமலையைப் பார்க்கப் போனோம். வரப்பில் நடப்பதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். கேட்டோம். நாற்பது வயது, முழங்கால் வரை உப்பு பூத்த கால்கள். மலர் யார் என்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது.

"மனு குடுக்கப் போறாங்கன்னு ஊரே சொல்லுது. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல. அவ தண்ணிய கெடுத்துட்டு நான் உப்பு வாரணுமா? இன்னா மேடம் இது?"

"உங்களாலன்னு நான் சொல்லல. இல்லைன்னும் சொல்லல. பார்க்கணும். அதுக்கு நாளைக்கு முழுக்க உங்க மோட்டார நிறுத்தி வைக்கணும்" என்றாள் மலர்.

நல்ல வெயில் அடிக்கும் பங்குனி. பாத்தியில் தண்ணீர் குறைந்தால் அந்த வாரத்து உப்பு சரியாக விளையாது. ஏழுமலை பாத்தியைப் பார்த்தார், மணல்மேட்டைப் பார்த்தார். பிறகு நேராகப் போய் மோட்டாரின் பியூஸ் கட்டையைப் பிடுங்கி மலரின் கையில் வைத்தார்.

"நீங்களே வச்சுக்குங்க. அப்புறம் ராத்திரி போட்டான்னு யாரும் சொல்லக்கூடாது."

கொஞ்ச தூரம் வந்த பிறகு பின்னாலிருந்து குரல் வந்தது. "பாப்பா நடக்குதா மேடம்?"

"ரெண்டு அடி வைக்குது. அப்புறம் உக்காந்துக்குது" என்றேன். தலையாட்டிவிட்டுக் கொம்பை எடுத்துக்கொண்டார்.

கிணற்றுக்கும் பாத்திக்கும் நட்டநடுவில் ஒரு சின்னத் தென்னந்தோப்பு இருக்கிறது. கன்றுகளுக்கு ஊற்ற அதில் ஒரு குழி தோண்டி வைத்திருக்கிறார்கள். மலர் கருவியை விட்டாள். ஐந்நூற்று ஐம்பது. அடியிலும் அதே. அவள் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள். உப்பு பாத்தியிலிருந்து கிணற்றுக்குப் போகிறது என்றால் வழியிலிருக்கும் இந்தக் குழி முதலில் கரித்திருக்க வேண்டும். ஒரு கை அள்ளிக் குடித்தேன். இளநீருக்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான்.

"இது போதாதா?" என்றேன்.

"போதாது. மணலுக்குள்ள தண்ணி எந்த வழியில போகுதுன்னு ஒரு குழிய வச்சுச் சொல்ல முடியாது. மட்டம் பார்க்கணும். பாத்தித் தண்ணி உசரத்துல இருக்கா, கிணத்துத் தண்ணி உசரத்துல இருக்கான்னு. மட்டம் பார்க்கிற கருவிய வேற டீம் எடுத்துட்டுப் போயிட்டாங்க."

கிளம்பும் முன் செல்வி வீட்டு மோட்டாரையும் காலைவரை போட வேண்டாம் என்று சொல்லப் போனோம். அவள் கணவர் குமார் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். கொத்தனார். மச்சானைப் பற்றிப் பேசும்போது அவர் செல்வியைவிடக் கோபமாக இருந்தார். மலர் மட்டம் பார்ப்பதைப் பற்றிச் சொன்னதும், "அவ்ளோதானே? எங்கிட்ட டியூப் இருக்குதுங்களே" என்று உள்ளேயிருந்து கண்ணாடி மாதிரித் தெரியும் ஒரு சுருள் பிளாஸ்டிக் டியூபை எடுத்து வந்தார். தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்துத் தளத்துக்கு மட்டம் பார்ப்பார்களே, அதே டியூப். மலரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். டியூப் ஐம்பதடிதான். கிணற்றடியிலிருந்து பாத்தி வரை துண்டு துண்டாகத்தான் போக முடியும். ஒரு முனை குமாரிடம், மறுமுனை என்னிடம். தண்ணீர் அசைவு நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். குமார் குச்சி நட்டு அடையாளம் வைப்பார், மலர் எழுதிக்கொள்வாள், அடுத்த துண்டு. தோப்பைத் தாண்டியதும் மணல் சுட ஆரம்பித்தது. நடுவில் என் முனையைக் கீழே இறக்கிவிட்டேன், தண்ணீர் கொட்டிவிட்டது, அந்தத் துண்டை மறுபடியும் பார்த்தோம். குமார் கோபிக்கவில்லை. "சித்தாளுங்க மொத நாள்ல இப்படித்தாங்க" என்றார். ஜாபர் பாய் ஆட்டோவிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

கடைசித் துண்டுக்கு ஏழுமலையின் வரப்பில் நிற்க வேண்டியிருந்தது. இரண்டு மாதமாகப் பேசாத மச்சான்மார் மூன்றடி தூரத்தில். குமார் டியூப் முனையை உயர்த்தினார். பிடித்துக்கொள்ள எதிரில் ஆள் வேண்டும். நானோ அந்தப் பக்கம் சேற்றில் ஒரு காலை விட்டுவிட்டு எடுக்க முடியாமல் நின்றிருந்தேன். ஏழுமலை வந்து என் கையிலிருந்த முனையை வாங்கிக்கொண்டார்.

"கொஞ்சம் தூக்கு" என்றார் குமார், டியூபைப் பார்த்துக்கொண்டே.

"போதுமா?"

"போதும்."

மலர் கூட்டிக் கழித்தாள். உப்புத் தண்ணீர் கனம் அதிகம், அதற்கும் சேர்த்துக் கழித்தாள். இராத்திரி முழுக்க ஓய்வாக இருந்த கிணற்றின் தண்ணீர், பாத்தித் தண்ணீரைவிட இரண்டு அடிக்கு மேல் உயரத்தில் இருந்தது. தோப்புக் குழி இரண்டுக்கும் நடுவில். ஏழுமலையின் போரில் இருந்த தண்ணீர் எல்லாவற்றையும்விடப் பள்ளத்தில்.

குமார் கணக்கை இரண்டு முறை சரிபார்த்தார். வீடு கட்டுகிறவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. "அப்போ எங்க தண்ணிதான் மச்சான் பாத்திக்குப் போவுது. அவுரு தண்ணி எங்களுக்கு வரல" என்றார். எங்களை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அப்ப உப்பு எங்கேர்ந்துடா வருது?" என்றார் ஏழுமலை. "டா" என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். குமாரும் கவனித்திருப்பார்.

அதைத்தான் அடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. எல்லோரும் கிணற்றடிக்கு நடந்தோம். ஏழுமலை மட்டும் தோப்பு நிழலிலேயே நின்றுகொண்டார். இரவெல்லாம் மோட்டார் போடாததால் மேல்தண்ணீர் ஆயிரத்து நூறுக்கு இறங்கியிருந்தது. அடியில் அதே ஐயாயிரம். "இப்ப போடுங்க" என்றாள் மலர். குமார் சுவிட்சைத் தட்டினார். மோட்டார் போட்ட சத்தத்தில் யாழினி வீரிட்டு அழுதது.

தண்ணீர் குழாயில் பொங்கிக்கொண்டு வந்தது. கால் மணிக்கு ஒருமுறை நான் கேபிளை இறக்கினேன். அடியிலிருந்த உப்பு மேலே ஏறி வருவதை எண்ணில் பார்க்க முடிந்தது. முதலில் இடுப்பளவு, பிறகு மார்பளவு. ஒரு மணி நேரத்தில் குழாயில் வந்த தண்ணீரே மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்த நேரம் முழுக்க ஏழுமலையின் மோட்டாரின் பியூஸ் கட்டை, மலர் கொடுத்து வைத்தபடி, என் கைப்பையில் இருந்தது. தோப்புக் குழியில் எண் ஒன்றும் மாறவில்லை.

"இந்த மோட்டார் எப்ப மாத்துனீங்க?" என்று மலர் கேட்டாள்.

குமார் போய் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தார். "தை மாசம்தாங்க. பின்னாடி மல்லாட்ட, அதாங்க வேர்க்கடல, போட்டேன். பழைய அர எச்பி பத்தல. ஒன்ற எச்பி வாங்கிப் போட்டு, பைப்ப அடிவரைக்கும் எறக்கிவுட்டேன்."

அண்ணன் பாத்தி கட்டியதும் தை, கணவர் மோட்டார் மாற்றியதும் தை. இரண்டில் ஒன்று மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டிருக்கிறது.

மலர் மணலில் உட்கார்ந்து விளக்கினாள். மணல்மேட்டில் விழும் மழை அப்படியே கீழே இறங்கி, அடியிலிருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் ஆடைபோல மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் லேசு, உப்புத் தண்ணீர் கனம். மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மொண்டால் ஒன்றும் ஆகாது. பெரிய மோட்டார் வைத்து ஒரே மூச்சில் இழுத்தால், மேலே அழுத்திக்கொண்டிருந்த பாரம் குறைந்து, கீழே இருப்பது கிளம்பி மேலே வரும். "யாரும் கெட்ட எண்ணத்துல செய்யல. செடிக்குத் தண்ணி விட்டிருக்கீங்க, அவ்வளவுதான்" என்று முடித்தாள்.

செல்வி கணவரைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் திட்டவில்லை. குழந்தையைக் குமாரிடம் கொடுத்தாள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தோப்பைப் பார்த்து நடந்தாள். நாங்கள் நின்ற இடத்திலிருந்து பேச்சு கேட்கவில்லை. அவள் எதிரில் போய் நின்றது தெரிந்தது. ஏழுமலை தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது. பிறகு அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறி வந்தாள்.

வந்ததும் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னாடி இப்படிக் கரிக்குது?"

"உன் மாப்ள விளைய வச்ச உப்புதான். வாரிக்கினு போ!" என்றாள் செல்வி. முதலில் ஜாபர் பாய் சிரித்தார், அப்புறம் எல்லோரும். குமாரும்தான், கொஞ்சம் தாமதமாக. யாழினி மாமன் தோளிலிருந்த துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டது. நான் பைக்குள் கைவிட்டு பியூஸ் கட்டையை எடுத்து ஏழுமலையிடம் நீட்டினேன். வாங்கி மடித்த வேட்டியில் செருகிக்கொண்டார். அன்று மாலைவரை அவர் அதை மோட்டாரில் மாட்டவில்லை.

மறுநாள் குமார் பழைய அரை எச்பி மோட்டாரையே திரும்ப மாட்டினார். பைப்பின் வாயை மேல்தண்ணீருக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி தூக்கிக் கட்டினார். காலையும் மாலையும் கொஞ்ச நேரம், நடுவில் ஓய்வு. கடலையில் பாதியை விட்டுவிடுவது என்று முடிவு. கிணறு தேறும்வரை குடிக்கவும் சமைக்கவும் தோப்புக் குழித் தண்ணீர். பழையபடி ஆகிவிடுமா என்று செல்வி கேட்டதற்கு மலர் சத்தியம் செய்யவில்லை. "கொறையும். முழுசாத் தேற ஒரு நல்ல மழக்காலம் வேணும். நான் வந்து பார்த்துட்டே இருப்பேன்" என்றாள். மனு எழுத வாங்கி வைத்திருந்த வெள்ளைத் தாளில் குமார் மோட்டார் போடும் நேரத்தை எழுதிச் சுவரில் ஒட்டினார்.

ஞாயிறு வரை இருந்தே ஆக வேண்டும் என்றார்கள். இருந்தோம். ஏழுமலை வெள்ளைச் சட்டையில் தட்டு வரிசையோடு வந்தார். சித்தப்பா மகன் பெருந்தன்மையாக இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டுப் பந்தி பரிமாறப் போய்விட்டார். ஊசி பட்டதும் யாழினி கத்திய கத்தலில் ஏழுமலையின் கண்ணும் கலங்கிவிட்டது. "முடிஞ்சிடுச்சிடா கண்ணு, முடிஞ்சிடுச்சி" என்று அவர் சொன்னது யாருக்கு என்று தெரியவில்லை.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். உப்பு விளைவதைப் பார்க்க வேண்டுமென்றால் மாசி முதல் வைகாசிக்குள் போங்கள், மழை வந்துவிட்டால் வெறும் ஏரிதான். காலை ஆறரையிலிருந்து ஒன்பதரைக்குள் பார்த்துவிட்டு வெளியே வந்துவிடுவது நல்லது. தொப்பி, கறுப்புக் கண்ணாடி, ஆளுக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கட்டாயம். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் போகும் பேருந்துகள் எல்லாமே மரக்காணத்தில் நிற்பதில்லை, ஏறும் முன்பே நடத்துநரிடம் கேட்டுவிடுங்கள். பாத்திகள் தனியாருடையவை. வரப்பு இளகியிருந்தால் ஒரு மிதியில் உடையும், ஒரு வார வேலை போய்விடும். கேட்டுவிட்டு இறங்குங்கள். படம் எடுக்கவும் கேளுங்கள், பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நிற்பார்கள். சாப்பாட்டுக்கு மரக்காணம் கடைத்தெருவில் மீன்குழம்போடு அளவுச் சாப்பாடு நூற்றிருபது ரூபாய். நேரம் இருந்தால் ஊருக்குள் இருக்கும் பழைய சிவன் கோயிலையும் பார்க்கலாம். எனக்கு நேரம் இல்லை, வருத்தமும் இல்லை.

ஊர் திரும்பிய மறுவாரம், தாம்பரத்தில் எங்கள் குடியிருப்போர் கூட்டம். போர் தண்ணீர் கலங்கலாக வருகிறது, பக்கத்து மனையில் புதிதாகக் கட்டுகிறவர்கள்தான் காரணம், இன்னும் நூறடி இறக்கிப் பெரிய மோட்டார் போட்டுவிடலாம் என்று செயலாளர் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டங்களில் நான் வாய் திறப்பதில்லை. அன்று கையைத் தூக்கினேன்.

"நம்ம மோட்டார் ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடுது?"

யாருக்கும் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொண்டு வந்து மறுபடியும் கூடுவது என்று கலைந்தோம்.